தக்காளி வேரில் சூடோமோனாஸ்: 24 தொட்டி, 8 வாரம், ஒரு புற ஊதா டார்ச்

வேருக்கு நல்லது செய்யும் பாக்டீரியா என்று விற்கப்படும் சூடோமோனாஸ் பவுடரைத் தண்ணீரில் கரைத்து, நாற்றின் வேரை அதில் நனைத்து நடுவதைப் பல வருடமாகச் செய்துகொண்டிருக்கிறேன். செடி நன்றாக வந்தால் சூடோமோனாஸ் வேலை செய்தது, வராவிட்டால் மண் சரியில்லை, இவ்வளவுதான் என் கணக்காக இருந்தது. நனைத்த பிறகு அந்த பாக்டீரியா வேரில் எத்தனை நாள் இருக்கிறது, ஏற்கெனவே அங்கே குடியிருக்கும் மற்ற நுண்ணுயிர்களை என்ன செய்கிறது என்று ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. இந்த முறை பார்த்தே தீருவது என்று 24 தொட்டி வைத்து 8 வாரம் பின்தொடர்ந்தேன். செய்தது, தவறியது, கண்டது எல்லாவற்றையும் எழுதி வைக்கிறேன், இதே சந்தேகம் உள்ள யாருக்காவது உதவும்.

சூடோமோனாஸ் ஃபுளுரசன்ஸைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அதன் பெயரிலேயே இருக்கிறது. இரும்புச்சத்து குறைவான ஊடகத்தில், அதாவது பாக்டீரியா வளர்க்கும் தீனிக் கலவையில், வளரும்போது இது பயோவெர்டின் என்ற மஞ்சள்பச்சை நிறமியை வெளியே விடும், அது புற ஊதா ஒளியில் பளிச்சென்று ஒளிரும். 365 நானோமீட்டர் டார்ச் ஒன்று இருந்தால் போதும், தட்டில் பாக்டீரியா பெருகி உண்டாக்கும் புள்ளிகளை, அதாவது காலனிகளை, ஆயிரம் இருந்தாலும் அவற்றுக்கு நடுவே இதைக் கண்ணாலேயே பிரித்துவிடலாம். அந்த நிறமிதான் இதன் ஆயுதமும்கூட. மண்ணில் கரைந்த நிலையில் கிடைக்கும் இரும்பு மிகக் குறைவு, பயோவெர்டின் அதைப் பிடித்துத் தன் செல்லுக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது, அந்த அளவுக்குத் திறமையாக இரும்பைப் பிடிக்கத் தெரியாத பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் பட்டினி கிடக்கின்றன. இதைச் சரிபார்க்க ஒரே ஒரு தட்டில் மட்டும் சிறிது ஃபெரிக் குளோரைடு என்ற இரும்பு உப்பைக் கலந்து ஊற்றிப் பார்த்தேன். பாக்டீரியா தாராளமாக வளர்ந்தது, ஒளி மட்டும் இல்லை. இரும்பு கையில் இருக்கும்போது அதைத் தேடும் நிறமியைச் செய்ய வேண்டிய அவசியம் அதற்கு இல்லை. படித்துத் தெரிந்த விஷயம்தான், ஆனாலும் இரண்டு தட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து டார்ச் அடித்துப் பார்த்தபோது மனதில் பதிந்த விதமே வேறு.

ஊடகம் கிங்ஸ் பி. 1954ல் கிங்கும் உடன் வேலை செய்தவர்களும் வெளியிட்ட அதே கலவை: லிட்டருக்கு பெப்டோன் 20 கிராம், கிளிசரால் 10 மில்லி, டைபொட்டாசியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 1.5 கிராம், மெக்னீசியம் சல்பேட் 1.5 கிராம், அகர் 15 கிராம். குக்கரில் 15 பவுண்டு அழுத்தத்தில் 20 நிமிடம். ஊடகம் ஆறுவதற்குள் அவசரப்பட்டு ஊற்றியதால் முதல் தொகுதித் தட்டுகளில் மூடியெல்லாம் நீர் கோத்து, சொட்டு விழுந்து, காலனிகள் ஒன்றோடொன்று கலந்து எண்ண முடியாமல் போயின. கையில் பிடிக்கும் சூட்டுக்கு, அதாவது 50 டிகிரிக்குப் பக்கத்தில் வந்தபின் ஊற்றினால் இந்தத் தொல்லை இல்லை.

பாதுகாப்பு பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், இதில் கவனக்குறைவு கூடாது. மண்ணிலிருந்து எதை வளர்த்தாலும் அதில் மனிதருக்கு நோய் தரும் வகைகளும் வரலாம், சூடோமோனாஸ் எருஜினோசாகூட இதே ஊடகத்தில் ஒளிரும். அதனால் தட்டுகளை நம் உடல் சூட்டில் வைக்காமல் 28 டிகிரியிலேயே வைத்தேன், ஓரத்தை டேப் போட்டு ஒட்டினேன், வளர்ந்த பிறகு எதையும் திறக்கவில்லை, எண்ணி முடித்ததும் அப்படியே குக்கரில் வைத்துக் கொன்றுவிட்டுத்தான் குப்பைக்குப் போட்டேன். இந்தக் குக்கர் சமையலுக்குத் திரும்பப் போகாது. டார்ச் அடிக்கும்போது புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, தொட்டிகளுக்கு வருகிறேன். ஒரே இடத்து மண்ணைச் சலித்து இரண்டாகப் பிரித்தேன். ஒரு பாதி அப்படியே உயிரோட்டமுள்ள மண். இன்னொரு பாதியை இரண்டு இரண்டு கிலோவாகக் குக்கரில் ஒரு மணி நேரம் வேகவைத்து, ஒரு நாள் விட்டு, மறுபடி ஒரு மணி நேரம் வேகவைத்தேன். நடுவில் அந்த ஒரு நாள் விடுவது முக்கியம், முதல் சூட்டில் சாகாத வித்துகள் (சில பாக்டீரியாக்கள் உண்டாக்கும், சூட்டைத் தாங்கும் உறங்குநிலைச் செல்கள்) அந்த இடைவெளியில் முளைக்கும், முளைத்தவை இரண்டாவது சூட்டில் சாகும். இந்த வேலைக்கு மட்டும் ஒரு வாரம் போனது. இரண்டு மண்ணிலும் மூன்று விதமாக நட்டேன்: வெறும் தண்ணீரில் நனைத்த நாற்று, உயிருள்ள சூடோமோனாஸ் கரைசலில் நனைத்தது, கொன்ற சூடோமோனாஸ் கரைசலில் நனைத்தது. ஒவ்வொன்றுக்கும் நான்கு தொட்டி.

மூன்றாவது வகையை எதற்கு வைத்தேன் என்று கேட்பீர்கள். பாக்கெட்டில் இருப்பது பாக்டீரியா மட்டுமில்லை. டால்க், ஒட்டுவதற்காகச் சேர்க்கும் கார்பாக்சிமெதில் செல்லுலோஸ், சுண்ணாம்புத்தூள், கூடவே வளர்த்த குழம்பின் மிச்சம் எல்லாம் இருக்கும். செத்த பாக்டீரியா செல்லும் மண்ணில் உள்ளவற்றுக்குச் சாப்பாடுதான். அதே கரைசலைக் குக்கரில் வைத்துக் கொன்று அதையும் ஒரு வரிசையாக வைக்காவிட்டால், தெரியும் மாற்றம் உயிருள்ள பாக்டீரியாவால் வந்ததா, அதனுடன் போன தீனியால் வந்ததா என்று பிரிக்கவே முடியாது. நான் செய்த ஏற்பாடுகளில் எதையாவது ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்றால் இதைத்தான் வைத்துக்கொள்வேன்.

நடுவதற்கு முன்பே முதல் அடி விழுந்தது. வாங்கிய பாக்கெட்டில் கிராமுக்கு 10 கோடி உயிருள்ள செல் என்று அச்சிட்டிருந்தது. ஒரு கிராமை 9 மில்லி உப்புநீரில் கலந்து, பத்து பத்து மடங்காக நீர்த்து, ஒவ்வொன்றிலும் 0.1 மில்லி எடுத்துத் தட்டில் பரப்பினேன். ஆயிரம் மடங்கு நீர்த்த குழாயிலிருந்து 38 காலனி வந்தது. 38ஐ ஆயிரத்தால் பெருக்கி, 0.1 மில்லிதான் பரப்பியதால் இன்னொரு பத்தால் பெருக்கினால் கிராமுக்கு 3.8 லட்சம். அதிலும் ஒளிர்ந்தவை பாதிக்கும் குறைவு. அந்தப் பாக்கெட் எத்தனை நாள் வெயில் சூட்டில் கிடந்ததோ. பேசில்லஸ் மாதிரி வித்து உண்டாக்கும் வகையாக இருந்தால் சூட்டையும் வறட்சியையும் தாங்கியிருக்கும், சூடோமோனாஸுக்கு அந்த வசதி கிடையாது. வேறு இடத்தில், தயாரித்து ஒரு மாதத்துக்குள் உள்ள, குளிர்ச்சியாக வைத்திருந்த பாக்கெட்டாகக் கேட்டு வாங்கி மறுபடி எண்ணினேன். லட்சம் மடங்கு நீர்ப்பில் 92 காலனி, அதாவது கிராமுக்கு 9.2 கோடி, கிட்டத்தட்ட எல்லாமே ஒளிர்ந்தன. இத்தனை வருடம் நான் நனைத்ததில் எத்தனை முறை வெறும் டால்க் தண்ணீரில் நனைத்தேனோ என்று நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது.

லிட்டருக்கு 10 கிராம் கரைத்து, 25 நாள் நாற்றுகளை அரை மணி நேரம் வேர் நனைத்து நட்டேன். கொன்ற கரைசலையும் ஒரு தட்டில் பரப்பி மூன்று நாள் வைத்துப் பார்த்தேன், எதுவும் வளரவில்லை.

அளக்கும் முறை இப்படி. தொட்டியின் ஓரத்தில் மெல்லிய குழாயை இறக்கிச் சில பக்கவேர்களை எடுப்பேன். உதறினால் விழும் மண் போகட்டும், உதறியும் வேரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் மண்தான் நமக்கு வேண்டியது. வேர் கசியவிடும் சர்க்கரைகளும் அமினோ அமிலங்களும் கரிம அமிலங்களும் போய்ச் சேரும் அந்த மெல்லிய அடுக்குக்குத்தான் 1904ல் லோரன்ஸ் ஹில்ட்னர் ரைசோஸ்பியர் என்று பெயர் வைத்தார், வேர்மண்டலம் என்கிறோம். வேரும் அந்த மண்ணுமாக ஒரு கிராம் எடுத்து, உப்புநீரில் நன்றாகக் குலுக்கி, முன்பு போலவே நீர்த்துப் பரப்புவேன். கிங்ஸ் பி தட்டு ஒளிர்பவற்றுக்கு, சாதாரண நியூட்ரியன்ட் அகர் தட்டு மற்றவற்றுக்கு. 30க்கும் 300க்கும் இடையில் காலனி உள்ள தட்டை மட்டும் கணக்கில் எடுத்தேன்.

வேகவைத்த மண்ணில் நடந்தது எதிர்பார்த்ததுதான். முதல் வாரமே கிராமுக்கு 11 கோடி ஒளிரும் காலனி, மூன்றாவது வாரம் 8 கோடி, ஆறாவது வாரத்திலும் 3 கோடி. போட்டியே இல்லாத இடத்தில் விட்டால் எதுவும் இப்படித்தான் பெருகும். ஆய்வகத்தில் பிரமாதமாக வேலை செய்த பாக்டீரியா வயலில் காணாமல் போவதற்கு இந்த வித்தியாசம் ஒரு பெரிய காரணம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும், வேகவைத்த மண்ணில் அம்மோனியமும் மாங்கனீசும் கூடுதலாக விடுபடும், செடியே வேறு மாதிரி வளரும், அதனால் அந்தச் செடியையும் உயிர்மண் செடியையும் நேருக்கு நேர் வைத்து உயரம் பார்ப்பதில் அர்த்தமில்லை. தண்ணீர் மட்டும் கொடுத்த வேகவைத்த தொட்டிகளில் ஒன்றில் மூன்றாவது வாரம் ஒளிரும் காலனி வந்துவிட்டது. பக்கத்துத் தொட்டியிலிருந்து நீர் தெறித்திருக்க வேண்டும், அந்தத் தொட்டியைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டேன், மற்றவற்றை அரை மீட்டர் இடைவெளிக்கு நகர்த்தினேன்.

உயிர்மண்தான் என்னை உட்காரவைத்து யோசிக்கச் செய்தது. முதல் வாரம் உயிருள்ள சூடோமோனாஸ் கொடுத்த வேரில் கிராமுக்கு 74 லட்சம், கொன்றது கொடுத்ததில் 9 லட்சம், தண்ணீரில் 5 லட்சம். மூன்றாவது வாரம் 21, 8, 7. ஆறாவது வாரம் 9, 6, 7, தொட்டிக்குத் தொட்டி இருக்கும் ஏற்ற இறக்கத்தைப் பார்த்தால் மூன்றும் ஒன்றுதான். அதாவது நான் கொடுத்தது ஆறு வாரத்தில் இயல்பான அளவுக்குக் கரைந்துவிட்டது. தண்ணீர்த் தொட்டியில் எப்படி 5 லட்சம் என்றால், எந்த மண்ணிலும் ஒளிரும் சூடோமோனாஸ்கள் ஏற்கெனவே உண்டு, வேர் அவற்றையும் தன் பக்கம் இழுக்கும். நான் விட்டது எது, மண்ணிலேயே இருந்தது எது என்று டார்ச் பிரித்துச் சொல்லாது. ஆய்வகங்களில் இதற்காகவே ரிஃபாம்பிசின் மருந்தைத் தாங்கும் வகையை உருவாக்கிக் கொடுத்து, அந்த மருந்து கலந்த தட்டில் எண்ணுவார்கள், அல்லது அந்த ஒரு வகைக்கு மட்டுமே பொருந்தும் டிஎன்ஏ துண்டைத் தேடுவார்கள். வீட்டில் மருந்து எதிர்ப்புள்ள பாக்டீரியாவை வளர்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை, அதனால் மொத்த எண்ணிக்கையின் வித்தியாசத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் இதுவரை செய்யாத ஒன்றைச் செய்தேன், வேர் அச்சு. பக்கவேர் ஒன்றை வெட்டாமல் முழுநீளத்துக்கு எடுத்து, உப்புநீரில் மூன்று முறை மெதுவாக அலசி, கிங்ஸ் பி தட்டின் மேல் படுக்கவைத்து, ஐந்து நிமிடம் கழித்து எடுத்துவிட்டேன். மறுநாள் மாலை விளக்கை அணைத்து டார்ச் அடித்தால் வேரின் உருவமே பச்சையாக எழுந்து நின்றது. வேகவைத்த மண்ணின் வேர் மேல்பக்கம் தடித்த கோடாக, கிளை பிரியும் இடங்களில் குமிழ் குமிழாக ஒளிர்ந்தது. கீழே வர வர கோடு மெலிந்து, புள்ளி புள்ளியாகி, நுனிக்கு முன் கடைசி ஒன்றரை சென்டிமீட்டரில் ஒன்றுமே இல்லை. வேர் நுனி வளரும் வேகத்துக்கு பாக்டீரியாவால் கூடவே ஓட முடிவதில்லை. நட்ட அன்று நனைத்தது அன்றைக்கு இருந்த வேருக்குத்தான் போய்ச் சேர்ந்தது, அதற்குப் பின் வந்த வேரை மண்ணில் ஏற்கெனவே இருந்தவை பிடித்துக்கொள்கின்றன. உயிர்மண் வேரின் அச்சில் இது இன்னும் தெளிவாகத் தெரிந்தது: மேல்பாதியில் பச்சைத் திட்டுகள், இடையிடையே ஒளிராத வெள்ளைக் காலனிகள் அவற்றைத் தள்ளிக்கொண்டு, கீழ்ப்பாதி முழுக்க மற்றவை. எத்தனையோ தட்டு எண்ணியும் புரியாத ஒன்று அந்த ஒரு தட்டில் புரிந்தது, வேர் முழுக்க ஒரே மாதிரி பூசியதுபோல இது இருப்பதில்லை.

அப்புறம் அந்த மற்றவை என்ன ஆயின? இதற்காகத்தான் நியூட்ரியன்ட் அகர் தட்டுகளை விடாமல் பார்த்துவந்தேன். உயிர்மண் தட்டுகளில் கசங்கிய துணி மாதிரிச் சுருக்கம் விழுந்து பரவும் காலனி ஒன்று எப்போதும் வரும். குலுக்கிய நீரை 80 டிகிரியில் 10 நிமிடம் வைத்துப் பரப்பியபோதும் அது வந்தது, ஆகவே வித்து உண்டாக்கும் பேசில்லஸ் வகை என்று எடுத்துக்கொண்டேன். ஆறாவது வாரம், ஒளிரும் எண்ணிக்கை எல்லாத் தொட்டியிலும் சமமாகிவிட்ட பிறகும், உயிருள்ள சூடோமோனாஸ் கொடுத்த நான்கு தொட்டியிலும் இந்தச் சுருக்கக் காலனி தண்ணீர்த் தொட்டியில் இருந்ததில் ஏறக்குறைய பாதிதான். கொன்றது கொடுத்த தொட்டிகளில் அது குறையவில்லை. அதற்கு மாறாக, ஐந்தாவது நாள்தான் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மெதுவாக வளரும் சின்ன ஆரஞ்சுக் காலனி ஒன்று, உயிருள்ளது கொடுத்த தொட்டிகளில் கூடியிருந்தது. எட்டாவது வாரம் மறுபடி பார்த்தபோதும் அப்படியேதான்.

இதைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். கொடுத்த பாக்டீரியா எண்ணிக்கையில் கரைந்த பிறகும், முதல் இரண்டு வாரத்தில் அது வேரில் நெருக்கமாக இருந்த காலம், யார் அங்கே நிலைக்கிறார்கள் என்பதை மாற்றிவிட்டிருக்கிறது. கொன்ற கரைசல் அந்த மாற்றத்தைச் செய்யவில்லை. ஆனால் கொன்ற கரைசலும் சும்மா இருக்கவில்லை, முதல் வாரம் அதன் தட்டுகளில் வேகமாக வளரும் வெள்ளைக் காலனிகள் கூடியிருந்தன, மூன்றாவது வாரம் பக்கவேர்களும் தண்ணீர்த் தொட்டியைவிட அடர்த்தியாக இருந்தன. பாக்கெட்டின் பலனில் ஒரு பங்கு அந்தத் தீனியுடையது. மூன்றாவது வரிசை இல்லாமல் இருந்திருந்தால் அந்தப் பங்கையும் சேர்த்து சூடோமோனாஸின் கணக்கில் எழுதியிருப்பேன். செடியின் உயரத்தைப் பொறுத்தவரை உயிருள்ளது கொடுத்தவை கொஞ்சம் முந்தியிருந்தன, நான்கு தொட்டியின் ஏற்ற இறக்கத்துக்குள் அடங்கும் அளவுதான், அதை ஒரு பலனாகச் சொல்ல மாட்டேன்.

தட்டில் வளர்வது மண்ணில் உள்ளவற்றில் மிகச் சிறிய பகுதிதான் என்பதையும் மறக்கக் கூடாது. வேரின் முழுச் சமூகத்தையும் பார்க்க, எல்லா பாக்டீரியாவிலும் இருந்து எது எந்த வகை என்று காட்டும் 16எஸ் மரபணுவைப் படிக்க வேண்டும். அதற்கும் ஒரு குறை உண்டு, செத்த செல்லின் டிஎன்ஏவையும் அது சேர்த்தே எண்ணிவிடும். அதனால் என் ஆரஞ்சுக் காலனி, சுருக்கக் காலனிக் கதையை, அந்தச் சமூகத்தின் ஒரு ஜன்னல் வழியாகப் பார்த்தது என்ற அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே இருப்பவை இடம் கொடுக்காது என்பது புதிய பிரச்சனை இல்லை. நோபேயும் ஹில்ட்னரும் 1896ல் ரைசோபியம் (பயறுவகைச் செடிகளின் வேரில் முடிச்சு உண்டாக்கும் பாக்டீரியா) நுண்ணுயிர் உரத்துக்குக் காப்புரிமை வாங்கினார்கள். அதற்குப் பல பத்தாண்டுகள் கழித்தும், அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதி சோயா வயல்களில் எவ்வளவு நல்ல ரைசோபியம் கொடுத்தாலும் வேர்முடிச்சுகளில் பெரும்பாலானவற்றை மண்ணிலேயே பழகிப்போன 123 என்ற வகையே பிடித்துக்கொள்வது பெரிய தலைவலியாக இருந்தது. 2012ல் வான் எல்சாஸ் என்ற ஆய்வாளரின் குழு மண்ணில் உள்ள நுண்ணுயிர்ப் பன்மயத்தைப் படிப்படியாகக் குறைத்து அதில் ஈ.கோலை என்ற பாக்டீரியாவை விட்டுப் பார்த்தது. வகைகள் குறையக் குறைய வந்தேறி நீண்ட நாள் தாக்குப்பிடித்தது. நோய்க்கிருமியைத் தடுக்கும் அதே பன்மயம் நாம் கொடுக்கும் நல்ல பாக்டீரியாவையும் தடுக்கத்தான் செய்யும், அதற்காக மண்ணின் மேல் கோபப்பட முடியாது. வளமான மண்ணில் பாக்கெட் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை என்றால் அது அந்த மண்ணின் நல்ல குணமாகவும் இருக்கலாம்.

நான்காவது வாரம் உயிர்மண்ணில் உயிருள்ளது கொடுத்த நான்கு தொட்டிகளில் இரண்டுக்கு மட்டும் 50 மில்லி கரைசலை மறுபடி வேரில் ஊற்றிப் பார்க்கலாம் என்று இருந்தேன், ஆனால் அப்படிச் செய்தால் நான்கு இரண்டாகிக் கணக்கே கெட்டுவிடும் என்று விட்டுவிட்டேன். அதை இப்போது தனியாக வைத்திருக்கிறேன். உயிர்மண் மட்டும், 16 தொட்டி: ஒருமுறை நனைத்தது, நனைத்தபின் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஊற்றுவது, இவை இரண்டுக்கும் கொன்ற கரைசல் இணை. புது வேர் வரும்போதெல்லாம் அதன் பக்கத்தில் பாக்டீரியா இருந்தால் நுனியின் அந்த ஒன்றரை சென்டிமீட்டர் இருட்டு குறைகிறதா என்று வேர் அச்சில் பார்க்க வேண்டும். முதல் அச்சுக்கான தட்டுகள் ஊற்றி ஆறிக்கொண்டிருக்கின்றன.